ராயபுரத்துக்கு வந்த ஐந்து கல்லா லில்லி

கொடைக்கானலில் இந்தப் பூவுக்கு மரியாதையே கிடையாது. ஓடைக்கரை, சேறு தேங்கிய பள்ளம், ஓட்டல்களின் கழிவுநீர் வாய்க்கால் என்று எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே கும்பலாக நிற்கும். சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. யாரோ அழகுக்காக மலைக்குக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அது வேலி தாண்டிப் போய்த் தன் இஷ்டத்துக்குப் பரவிவிட்டது. பிப்ரவரியில் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தபோது பின்பக்கப் பள்ளத்தில் இறங்கி ஐந்து தண்டுகளை அறுத்தேன். ஈரத்துணி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன்.

காரணம் ஒரு பழைய ஆசை. இமோஜன் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1920களில் எடுத்த 'இரண்டு கல்லாக்கள்' படத்தைப் பார்த்த நாளிலிருந்தே, அதுபோல ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எடுத்தால் ராயபுரத்தில் அத்தை வீட்டு வடக்கு ஜன்னலோரம்தான் எடுப்பது என்று ஒரு பிடிவாதம் வேறு. அந்த ஜன்னலில் நேர் வெயில் விழாது. ஆனால் சாயங்காலம் வரை சீரான வெளிச்சம் இருக்கும். சின்ன வயதில் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

கிளாம்பாக்கத்தில் விடிந்தது. டவுன் பஸ்ஸில் விமான நிலையம், அங்கிருந்து மெட்ரோ. வண்ணாரப்பேட்டை வரை ஒரே ரயில், மாறவே வேண்டாம். ஏசியில் பூக்கள் கொஞ்சம் தெளிந்தன. எதிர் இருக்கைக் குழந்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கா?" என்று கேட்டது. அதன்மேல் தப்பில்லை. அந்த வெள்ளையும் வழவழப்பும் அப்படி.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் மாஸ்டர், "இன்னா பூ சார் இது?" என்றார்.

"கல்லா லில்லி."

"கல்லாவா? அண்ணன் இப்பதான் எழுந்து போனாரு. என்கிட்டயே குடு சார்."

என் கையில் இருந்த இருபது ரூபாயை வாங்கிக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

அத்தை கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்ததைத்தான் பார்த்தார். அழகுக்காக இரண்டு இலைகளையும் சேர்த்து வைத்திருந்தேன். "இன்னாடா இது, சேப்பங்கெழங்குத் தழையப் போய் அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கினு வந்துக்கிற?"

சிரித்துவிட்டு, அப்புறம்தான் யோசித்தேன். அத்தை சொன்னது கிட்டத்தட்ட சரி. பெயரில் லில்லி இருந்தாலும் இது லில்லிக் குடும்பமே இல்லை. சேம்பு, சேனை, ஆந்தூரியம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் ஒன்று. பூ என்று நாம் பார்க்கும் வெள்ளைப் பகுதியும் இதழ் இல்லை, நிறம் மாறிய ஓர் இலை. சுண்டல்காரர் காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலம் போடுவாரே, அதுபோல ஓர் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் விரல்போல நிற்பதில்தான் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. மேலே ஆண், கீழே பெண். தண்டின் சாறு பட்டு என் மணிக்கட்டு அரித்துக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன். "சேம்புன்னா அரிக்காம?" என்று புளித்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சேனை நறுக்கினால் கை அரிப்பதும் இதே காரணத்தால்தான், ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள்.

சரி, படம். கன்னிங்ஹாமின் படத்தில் இரண்டு பூக்கள் மட்டும். ஒன்றையொன்று உரசுவதுபோல நெருங்கி நிற்கும், பின்னால் இருட்டு. ராயபுரத்தில் எங்கே போவது இருட்டுக்கு? ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் காலண்டர், சாமி படம், ஸ்விட்ச் போர்டு, மாமாவின் தொப்பி. கடைசியில் அத்தையே வழி சொன்னார். மாமா சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டி பெட்டியில் இருந்தது. "ஒதறிட்டு மடிச்சு வெச்சிடணும்" என்ற நிபந்தனையோடு கொடியில் தொங்கவிட்டோம்.

முதல் பத்துப் படங்கள் வீண். பின்னால் கறுப்பு நிறைய இருந்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வெள்ளை வெளுத்துச் சுண்ணாம்புச் சுவராகிவிடும். வெளிச்ச அளவை நாமே இரண்டு படி குறைத்தால்தான் அந்த வளைவு தெரிய ஆரம்பிக்கிறது. விளிம்பில் பளீர் வெள்ளை, உள்ளே போகப் போகச் சாம்பல், மடிப்பின் அடியில் லேசான பச்சை. கறுப்பு வெள்ளைப் படக்காரர்கள் ஏன் இந்தப் பூவை விடவே இல்லை என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் மேப்பிள்தார்ப் 1980களில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்து வரைந்து அந்தப் பூவாகவே அறியப்பட்டார். விமர்சகர்கள் அதில் பெண்ணுடலைத் தேடினார்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்தது கன்னிங்ஹாம் கதைதான். மூன்று சின்னப் பையன்கள், அதில் இரண்டு பேர் இரட்டையர். வீட்டைவிட்டு நகர முடியாத வருடங்கள். அதனால் தோட்டத்தில் இருந்ததையே எடுத்தார். அத்தையிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்குத் தோட்டமாவது இருந்துச்சு" என்றார்.

சாயங்காலம் ஒரு பூவை எடுத்துக்கொண்டு ராயபுரம் ரயில் நிலையம் போனேன். 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அந்த உயரமான தூண்களுக்கு முன்னால் பூவைப் பிடித்தால் எடுப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கல்யாண பத்திரிகை அட்டைபோல வந்தது. அழித்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை காசிமேடு. இருந்ததில் மூன்று பூக்கள் கையில். மனதில் இருந்தது டியேகோ ரிவேரா 1925இல் வரைந்த 'பூக்களின் நாள்'. மெக்சிகோவின் பூ விற்பவர் முதுகில் மலைபோல ஒரு கூடை கல்லா லில்லி, கனத்தில் தலை குனிந்திருக்கிறது. மற்றவர்கள் படங்களில் இந்தப் பூவுக்கு எடையே இல்லை. ரிவேரா படத்தில் முதுகு வலிக்கிறது.

காசிமேட்டில் அந்தக் குனிந்த தலையைப் பார்க்க வெகுநேரம் தேட வேண்டியதில்லை. ஏலம் முடிந்து அன்னக்கூடையில் வஞ்சிரமும் சங்கராவும் நிரப்பி, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். வெள்ளைப் பூவோடு நடுவில் நின்றவனை நாலு பேர் இடித்துக்கொண்டு போனார்கள். "வழி வுடு நைனா!"

ஓர் அம்மா கூடையை இறக்கி மூச்சு வாங்கினார். பூவை வாங்கி முகர்ந்தார். "வாசனையே இல்லியே. தலையில வெக்க முடியுமா?"

"முடியாதும்மா, தண்டு பெருசு."

"சாமிக்கு?"

"போட்டுப் பார்த்ததில்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

என்னிடம் பதில் இல்லை. மேப்பிள்தார்ப்பிடம் இருந்திருக்கலாம். அந்த அம்மாவே கொஞ்சம் யோசித்து, "வாடுது பாரு" என்று மூன்றையும் கூடையில் மீன்களுக்கு நடுவே ஐஸில் செருகினார். படம் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். சிரித்தார், சேலையைச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிநிற மீன்கள், வெள்ளை ஐஸ், நடுவில் மூன்று வெள்ளைப் பொட்டலங்கள். இந்தத் தடவை கேமரா ஒரு தடவைகூட ஏமாறவில்லை. பின்னணியில் ஒரு லுங்கி, பாதித் தராசு, யாரோ நீட்டிய கை. எதையும் மறைக்க வேட்டி கிடைக்காது.

கூடையைத் தூக்கும்போது பூக்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "இருக்கட்டும்மா" என்றேன். அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கூட்டத்துக்கு மேலே அந்த வெள்ளை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கினார். பூக்களைத் தாண்டி, ஐஸைத் தாண்டி, கூடையின் ஓரத்துக்குப் போனார்.

"வஞ்சிரம் இன்னா வெல சொன்னாங்க?"