எல்லைக்கல் வரை ரோடு

மனைப்பிரிவுக்கு வரைபடம் போடச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிளாட் விழும்?" என்றுதான். ரோடு எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர் அபூர்வம். ராமநாதபுரம், கீழக்கரை, உச்சிப்புளிப் பக்கம் அளவை வேலை பார்ப்பவன் நான். என்னை ரொம்ப உறுத்துகிற விஷயம் இது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தென்னந்தோப்பை ஒருவர் வாங்கி மனை போடுவார். மெயின் ரோட்டிலிருந்து ஒரு ரோடு உள்ளே போய்க் கடைசி பிளாட்டில் முட்டி நிற்கும். பக்கத்துப் பனங்காட்டில் இன்னொருவர் அதேபோலத் தனி ரோடு போடுவார். நடுவில் காம்பவுண்டுச் சுவர். ஓரிடத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பால்வாடி. கூப்பிட்டால் கேட்கும். ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய் விட மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிக்கு ஒதுங்கி நடந்து, அடுத்த ரோட்டில் திரும்ப வேண்டும். யாரோ சுவரில் கல்லைப் பெயர்த்து வழி செய்திருந்தார்கள். ஆட்கள் நுழைந்து நுழைந்து அந்த விளிம்பு வழுவழுவென்று ஆகியிருந்தது. நல்ல காரியம் செய்தார்கள் என்றே சொல்வேன்.

உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து, ஒரு சந்திப்பில் எத்தனை தெரு கூடுகிறது, முட்டுச்சந்து எவ்வளவு என்று அலசி 2020இல் வெளியிட்டார்கள். 1975க்குப் பிறகு பல நாடுகளில் புதுத் தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து கொஞ்சம் திருந்தியிருக்கிறது.

இங்கே, 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது. மனைக்கு அனுமதி கிடைத்தது, சரி. தெரு போட்டபடியே கிடக்கிறது. வீட்டை இடித்துக் கட்டலாம். ஆளுக்கொரு பத்திரம் ஆன பிறகு தெருவுக்காக நடுவே பத்தடி விட யார் சம்மதிப்பார்?

அதனால் இப்போதெல்லாம் பக்கத்து சர்வே நம்பர்களின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் கோடு போடுகிறேன். ரோட்டை எல்லைக்கல் வரை கொண்டுபோய்த் திறந்து விடச் சொல்வேன். "ஒரு பிளாட் போகுதே சார்" என்பார்கள். அந்தப் பக்கமும் வீடு வந்தால் உங்கள் பின்வரிசை மனைக்கு இரண்டு வழி கிடைக்கும், விலையும் நிற்கும் என்று எடுத்துச் சொன்னால் சிலர் கேட்கிறார்கள். கேட்காதவர்களிடம் அடுத்த முறை பார்க்கும்போதும் அதையே சொல்கிறேன்.