கலவரம் என்று நான் இட்ட குறிச்சொல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பழைய செய்தித்தாள்களை மின்னுருவாக்கம் செய்யும் ஒரு நூலகத் திட்டத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். மைக்ரோஃபிலிம் சுருள்களிலிருந்து எடுக்கப்பட்ட பக்கங்கள் என் திரைக்கு வரும். தேதி, ஊர், பக்க எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, முக்கியமான செய்திகளுக்குப் பொருள் குறிச்சொல் இடுவது என் வேலை. பிற்காலத்தில் ஒருவர் ஒரு நிகழ்வைத் தேடும்போது எந்தச் சொல்லின் கீழ் அது கிடைக்கும் என்பதை அந்தக் குறிச்சொல்தான் தீர்மானிக்கிறது.

1898ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் பக்கங்கள் வந்தபோது என் வேலையின் வேகம் குறைந்துவிட்டது. ராலே நகரில் ஜோசிஃபஸ் டேனியல்ஸ் ஆசிரியராக இருந்து நடத்திய ‘நியூஸ் அண்ட் அப்சர்வர்’ நாளிதழ், அந்த மாதங்களில் கறுப்பின மக்களை அரக்கர்களாகவும் பேராபத்தாகவும் சித்திரிக்கும் நார்மன் ஜென்னட்டின் கேலிச்சித்திரங்களை முதல் பக்கத்திலேயே வெளியிட்டு வந்தது. சில நாட்களில் இரண்டு மூன்று பக்கங்களைப் பார்த்த பிறகு எழுந்து வெளியே சென்று நடந்துவிட்டு வருவேன்.

அந்தச் சித்திரங்களுக்கு ஓர் அரசியல் காரணம் இருந்தது. 1894இல் குடியரசுக் கட்சியினரும், பெரும்பாலும் வெள்ளைச் சிறு விவசாயிகளைக் கொண்ட பாப்புலிஸ்ட் கட்சியினரும் கூட்டணி அமைத்து மாநிலச் சட்டமன்றத்தைக் கைப்பற்றினார்கள். 1896இல் குடியரசுக் கட்சியின் டேனியல் ரஸ்ஸல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் ஒரே அணியில் வாக்களித்தால் பழைய ஆட்சியாளர்களுக்கு இடமில்லை என்பது தெளிவாகிவிட்டது. அந்த அணியைப் பிளப்பதற்காக, அன்றைய ஜனநாயகக் கட்சியின் மாநிலத் தலைவர் ஃபர்னிஃபோல்ட் சிம்மன்ஸ் வெள்ளையின மேலாதிக்கத்தையே தேர்தல் முழக்கமாக்கினார். எழுதக்கூடியவர், பேசக்கூடியவர், குதிரை ஏறக்கூடியவர் என மூன்று வகை ஆட்கள் அதற்குத் தேவைப்பட்டார்கள். எழுதியவர்கள் நாளிதழ்களில் இருந்தார்கள். குதிரை ஏறியவர்கள் ‘செஞ்சட்டையினர்’. தமிழில் அச்சொல் தொழிலாளர் இயக்கத்தை நினைவூட்டும். இவர்களோ துப்பாக்கியுடன் ஊர்வலம் சென்று வாக்காளர்களை அச்சுறுத்திய ஆயுதக் குழுவினர். முகமூடி அணிந்து இரவில் வந்த கு கிளக்ஸ் கிளானைப் போலன்றி, இவர்கள் பகலில், ஊரறிய, முகத்தை மறைக்காமல் வந்தார்கள்.

அன்று மாநிலத்தின் பெரிய நகரம் வில்மிங்டன் துறைமுகம். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். நகர மன்றத்திலும் காவல்துறையிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. அலெக்சாண்டர் மேன்லி ‘டெய்லி ரெக்கார்ட்’ என்ற நாளிதழை அங்கு நடத்தினார். கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதை நியாயப்படுத்திய ஒரு பேச்சுக்கு மறுமொழியாக அவர் ஆகஸ்ட் மாதம் எழுதிய தலையங்கத்தை, எதிர்த்தரப்பு நாளிதழ்கள் தேர்தல் வரை திரும்பத் திரும்ப அச்சிட்டு வெறியைக் கிளப்பின. நவம்பர் 8 அன்று மாநிலத் தேர்தல் நடந்தது. மறுநாள் நீதிமன்றக் கட்டடத்தில் ‘வெள்ளையர் சுதந்திரப் பிரகடனம்’ வாசிக்கப்பட்டது. 10ஆம் தேதி, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃபிரட் மூர் வாடெல் தலைமையில் ஆயுதம் ஏந்திய கும்பல் மேன்லியின் அச்சகத்தை எரித்தது. தெருக்களில் கறுப்பினத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் நகர மன்ற உறுப்பினர்களும் மிரட்டிப் பதவி விலக வைக்கப்பட்டு, அன்றே வாடெல் மேயரானார். இறந்தவர்களுக்கு உறுதியான கணக்கு இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறினர். எவரும் தண்டிக்கப்படவில்லை.

இச்செய்திகளுக்கு ‘இனக் கலவரம்’ என்று நான் குறிச்சொல் இட்டேன். நாளிதழ்கள் அப்படித்தான் எழுதியிருந்தன. பழைய பட்டியல்களிலும் அச்சொல்லே இருந்தது. வாரங்கள் கழித்து, மூத்த சக ஊழியர் ஒருவர் என் பதிவுகளைச் சரிபார்த்தார். அவருடைய பாட்டியின் பெற்றோர் அந்த நவம்பருக்குப் பிறகு வில்மிங்டனை விட்டு வடக்கே சென்றவர்கள். அவர் கோபப்படவில்லை. “அன்று காலையில் மேயராக இருந்தவர் ஒருவர், மாலையில் இருந்தவர் வேறொருவர். இடையில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. இதற்குக் கலவரம் என்றா பெயர்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வென்றவர்கள் தம் செயலுக்குத் தாமே சூட்டிய பெயரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, எந்த வற்புறுத்தலும் இன்றி நான் மறுபடி எழுதியிருந்தேன். அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு, 1898க்குப் பிந்தைய பக்கங்களை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். செஞ்சட்டையினரின் உண்மையான வெற்றி துப்பாக்கிச் சூட்டில் இல்லை, அதைத் தொடர்ந்து வந்த காகிதங்களில் இருக்கிறது என்பதே அந்த வாசிப்பில் நான் அடைந்த முடிவு. 1900 ஆகஸ்டில் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வும் வரியும் கட்டாயமாயின. எழுத்தறிவற்ற வெள்ளையர் தப்பிக்க ஒரு வாசல் வைக்கப்பட்டது: 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவரின் வழித்தோன்றலுக்குத் தேர்வு இல்லை. அந்நாளில் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களுக்கு வாக்குரிமை கிடைத்திருக்கவில்லை. விதியில் இனத்தின் பெயர் ஒருமுறைகூட வராது. ஒரு தேதி மட்டுமே வரும். 1896இல் லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1902இல் ஏறக்குறைய ஆறாயிரமாகச் சுருங்கினார்கள். மாநிலத்தின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி வைட்டின் பதவிக்காலம் 1901இல் முடிந்தது. அதன்பின் அம்மாநிலத்திலிருந்து அத்தகைய ஒருவர் தேர்வாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிம்மன்ஸோ 1901 முதல் 1931 வரை செனட்டராக இருந்தார். ஒரே கட்சியின் பிடியில் மாநிலம் கிடந்தது. 1896க்குப் பிறகு இன்னொரு குடியரசுக் கட்சி ஆளுநர் தேர்வானது 1972இல்தான்.

எழுத்தறிவுத் தேர்வு செல்லும் என்று 1959இல்கூட உச்ச நீதிமன்றம் இம்மாநில வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்தான் அதை முடக்கியது. அதே ஆண்டு நிறைவேறிய குடியேற்றச் சட்டமே என்னைப் போன்ற தமிழர்களுக்கு இந்நாட்டின் கதவைத் திறந்தது. குடியுரிமை பெற்ற பின் நான் வாக்காளராகப் பதிவு செய்தபோது எவரும் என்னிடம் எந்தத் தேர்வையும் நீட்டவில்லை. அதை இயல்பான ஒன்றாகவே அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் தேர்வு விதியை மாநில அரசியலமைப்பிலிருந்து அடியோடு நீக்கலாமா என்று 1970இல் கேட்கப்பட்டபோது, வாக்காளர்களில் பெரும்பான்மையோர் மறுத்துவிட்டார்கள்.

கட்சிப் பெயரை வைத்து இவ்வரலாற்றைப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். 1898இல் இதைச் செய்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 2013இல் அடையாள அட்டையைக் கட்டாயமாக்கி, முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களைக் குறைத்த சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியினர். 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தபோது, அவை அறுவை சிகிச்சைக்கு ஒப்பான துல்லியத்துடன் கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தன என்று கூறியது. செஞ்சட்டையினருக்கும் 2013இன் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. இனத்தைச் சொல்லாமலே இனத்தைப் பிரிக்கும் விதியை எழுதலாம் என்ற கைத்திறன் இந்த மாநிலத்தில் ஒருமுறை பழகிவிட்டது. கட்சிகள் இடம் மாறிய பின்னும் அது மறக்கப்படவில்லை.

வில்மிங்டன் நிகழ்வை ஆராய மாநில அரசு நியமித்த ஆணையம் 2006இல் தன் அறிக்கையை அளித்தது. அதே ஆண்டு அந்த ராலே நாளிதழ் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. 2019இல் வில்மிங்டனில் வைக்கப்பட்ட வரலாற்றுப் பலகையில் ‘ஆட்சிக்கவிழ்ப்பு’ என்ற சொல் இடம்பெற்றது. எங்கள் திட்டத்திலும் அச்சொல்லையும் ‘படுகொலை’ என்பதையும் ஏற்றுக்கொண்டோம்.

குறிச்சொற்களைத் திருத்துவதற்கு எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. ஒரு சமமின்மையை மட்டும் திருத்த முடியவில்லை. தாக்கியவர்களின் நாளிதழ்கள் நாள் தவறாமல் சுருள்களில் இருக்கின்றன. மேன்லியின் ‘டெய்லி ரெக்கார்ட்’ இதழ்களோ எங்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே எஞ்சியிருக்கின்றன. ‘கலவரம்’ என்ற பழைய சொல்லை முழுதாக நீக்கிவிடலாம் என்றேன். அந்தச் சக ஊழியர் வேண்டாம் என்றார். பள்ளியில் அச்சொல்லை மட்டுமே கற்றவர் அதைத்தான் தட்டச்சு செய்வார், அவரும் இங்கே வந்து சேர வேண்டும் என்றார். எனவே பழைய சொல்லைத் தேடுபவரைப் புதிய தலைப்புக்கு அழைத்துச் செல்லும் ஒரு குறிப்பாக மட்டும் அதை வைத்துவிட்டு, அந்தச் சுருளை முடித்தேன்.