துடிக்கும் இதயத்தில் பைபாஸ்: அப்பாவின் அறுவைக்கு முன் பட்ட அலைச்சல்

அப்பாவுக்கு இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் சுண்ணாம்பு படிந்திருந்ததால், இதயத்தை நிறுத்தி, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இயந்திரத்தோடு இணைக்க அங்கே குழாய் செருகிக் கவ்வி போட்டால் படிவம் பெயர்ந்து பக்கவாதம் வரக்கூடும் என்றும், இதயத்தை நிறுத்தாமலேயே பைபாஸ் செய்வதாகவும் அறுவை மருத்துவர் சொன்னார். அதுவரை குழப்பமில்லை.

ஆஞ்சியோகிராம் எடுத்த இடத்தில் அச்சிட்ட அறிக்கையை மட்டும் கொடுத்து, "இதுவே போதும்" என்று எழுத்தர் சாதித்தார். துடிக்கும் இதயத்தில் தைப்பவருக்கு அது போதாது. குழாயின் பருமனையும், அது தசைக்குள் புதைந்து ஓடுகிறதா என்பதையும் அவர் படத்தில்தான் பார்க்க வேண்டும். மன்றாடி வாங்கிய சிடியும் காலியாக இருந்தது. கவுண்டரிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அதைவிட எரிச்சலூட்டியது, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை விவகாரம். பொதுவாக அறுவைக்கு 5 நாட்கள் முன்பே நிறுத்த வேண்டிய இந்த மாத்திரையைப் பற்றி, தேதி குறித்துக் கொடுத்தவர்கள் வாயே திறக்கவில்லை. மார்பு முடியை மழித்த பிறகு மாத்திரைப் பட்டியலைப் பார்த்த மயக்க மருத்துவர், ரத்தக்கசிவு அபாயம் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக எதையும் நிறுத்தக்கூடாது.

ஒப்புதல் படிவத்தில் "தேவைப்பட்டால் இதய நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றப்படும்" என்றிருந்தது. பயிற்சி மருத்துவர் அதை வழக்கமான வரி என்று தள்ளிவிடப் பார்த்தார். நான் கையெழுத்திடாமல் அறுவை மருத்துவரை வரவழைத்தேன். பின்புறக் குழாயை எட்ட இதயத்தைத் தூக்கித் திருப்பும்போது ரத்த அழுத்தம் சரியலாம் என்றும், மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தியும் மருந்து கொடுத்தும் அது நிமிராவிட்டால்தான் இயந்திரம் என்றும் அவர் விளக்கினார். மகாதமனியைத் தொடக்கூடாதென்றால் அப்போது இயந்திரத்தின் குழாயை எங்கே செருகுவீர்கள் என்று கேட்டேன். அக்குள் தமனியில் என்று உடனே பதில் வந்தது. திட்டம் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கையெழுத்திட்டேன்.

அறுவை இயந்திரமின்றி முடிந்தது. தைக்கும் இடத்தை மட்டும் உறிஞ்சிப் பிடித்து அசையாமல் நிறுத்தும் கருவியின் துணையோடு, இடது மார்புத் தமனியையும் அதில் கவட்டைபோல் இணைத்த இடக்கைத் தமனியையும் கொண்டு அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி அமைத்து, மகாதமனியைத் தொடாமலேயே முடித்தார்கள்.

அந்தக் கைத் தமனிக்கும் முன்னதாக ஆபத்து வந்திருந்தது. அறுவைக்கு முந்தைய நாள் ரத்தம் எடுக்க வந்தவர், நான் தடுத்தும், இடது மணிக்கட்டையே தேடினார். "இந்தக் கையில் ஊசி கூடாது" என்று பட்டையில் எழுதி ஒட்டிய பிறகுதான் விட்டார்.