ஆப்பிரிக்கன் பாயல்

ஆலப்புழையில் படகில் போனபோது வாய்க்கால் முழுக்கப் பச்சைப் பாய் விரித்தமாதிரி கிடந்தது, நான் ஆகாயத்தாமரை என்று நினைத்தேன், படகுக்காரர் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்றார். பெயர்தான் ஆப்பிரிக்கா, சொந்த ஊர் பிரேசில். ஒரு கொத்தை அள்ளிப் பார்த்தேன்: இலை மேலே குட்டிக் குட்டி முடிகள், ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து நுனியில் மறுபடி சேர்ந்து, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி போல. அறிவியல் பெயர் சால்வினியா மொலஸ்டா, அதற்கு இதுதான் அடையாளம். வேர் மாதிரி தொங்குவதும் உண்மையில் இலைதான்! விதை கிடையாது, ஒரு துண்டு ஒடிந்தாலே போதும், சில நாளில் இரட்டிப்பாகிவிடும். அப்புறம் தண்ணீருக்குள் வெயில் போகாது, ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும். இதைத் தின்ன 1980களில் கேரளாவில் ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், நன்றாகவே வேலை செய்தது. அள்ளியதைத் திரும்ப வாய்க்காலில் போட மனசு வரவில்லை, கரையில் காயப்போட்டுவிட்டு வந்தேன்.