ஒரு முறை கொடுத்த அனுமதி

சென்ற வாரம் கணினியை ஒழுங்குபடுத்தியபோது என் உலாவியில் 11 நீட்சிகள் (உலாவிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்கள்) இருப்பதைக் கண்டேன். அவற்றுள் நான்கினை எதற்காக நிறுவினேன் என்பதே நினைவுக்கு வரவில்லை. பெரும்பாலானவற்றுக்கு நான் கொடுத்திருந்த அனுமதி ஒன்றுதான்: நான் திறக்கும் எல்லா வலைத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கலாம், மாற்றலாம். வங்கிக் கணக்குப் பக்கமும், மின்னஞ்சலும், எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்த வரிகளும் அதற்குள் அடங்கும்.

அந்த அனுமதியைக் கேட்பதாலேயே ஒரு நீட்சியைத் தீயதென்று ஒதுக்கிவிட முடியாது. ரேமண்ட் ஹில் 2014இல் வெளியிட்ட யுபிளாக் ஆரிஜின், விளம்பரங்களையும் நம்மைப் பின்தொடரும் நிரல்களையும் தடுப்பதற்கு, ஒரு பக்கம் எங்கெங்கே கோரிக்கை அனுப்புகிறது என்று பார்த்தாக வேண்டும். காக்கிற கருவிக்கும் களவாடுகிற கருவிக்கும் தேவைப்படும் அதிகாரம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே இதில் உள்ள சங்கடம்.

தளங்களின் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் இடுவதாகச் சொன்ன வெப் ஆஃப் டிரஸ்ட் நீட்சி, பயனர்களின் உலாவல் வரலாற்றைத் திரட்டிப் பிறருக்குக் கொடுத்ததை 2016இல் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. அது தொடக்கத்திலிருந்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ரகம் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால், பயன்படுத்தாத தாவல்களை (டேப்) உறங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் நீட்சியை நல்லதென்று நம்பி நிறுவியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அதை உருவாக்கியவர் 2020இல் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீநிரல் என்று அறிவித்து நீக்கியது. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதால், வீட்டுக்காரர் மாறியது குடியிருப்பவருக்குத் தெரியவே இல்லை.

உரிமையாளர் மாறாவிட்டாலும் ஆபத்து வரலாம். 2024 டிசம்பர் 24 அன்று, நிறுவனத் தரவு வெளியே கசியாமல் காப்பதையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவனின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலுக்கு இரையானார். அவர் வழியாக நுழைந்தவர்கள் அந்நிறுவனத்தின் நீட்சிக்கே தீய பதிப்பொன்றை வெளியிட்டார்கள்.

நீட்சிகளுக்காகக் கூகுள் குரோமில் கொண்டுவந்த மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதித்தொகுப்பு, இதற்கு ஒரு மருந்தாக முன்வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து நிரலை இறக்கி இயக்குவதற்கு அது விதித்த தடை நல்லதே. ஆனால் சாதாரணப் பயனர் நிறுவும் நீட்சிகள் கோரிக்கைகளை இடைமறித்துத் தடுக்க இனி இயலாது. தடுக்க வேண்டியவற்றின் விதிகளை உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதனால் குரோமில் யுபிளாக் ஆரிஜினுக்குப் பதிலாகத் திறன் குறைந்த ‘லைட்’ வடிவமே மிஞ்சியது. அதே நேரத்தில், பக்கத்தைப் படிக்க அனுமதி பெற்ற நீட்சி இன்றும் பக்கத்தைப் படிக்கலாம். தடுப்பவரின் கையைக் கட்டிவிட்டுப் பார்ப்பவரின் கண்ணைத் திறந்தே விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழைய முறையைப் பயர்பாக்ஸ் கைவிடாததால் நான் அங்கே குடிபெயர்ந்தேன்.

அந்தரங்கத்துக்காக நீட்சிகளை அடுக்குவதிலும் ஒரு வினோதம் உண்டு. எதையெல்லாம் தடுக்கிறோம் என்பதை வைத்தே ஒரு தளம் நம்மைத் தனித்து அடையாளம் காண முடியும். பின்தொடரும் நிரல்களைத் தடுக்கும் பிரைவசி பேட்ஜர் நீட்சி ஒவ்வொருவரின் உலாவலிலிருந்தும் தானே கற்றுக்கொள்ளும் வசதியை, இக்காரணத்தால் 2020இல் இயல்பு நிலையில் நிறுத்திவைத்தார்கள். அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் உலாவியில் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம் என்று அதைப் பராமரிப்பவர்கள் சொல்வதும் இதனால்தான்.

11இல் ஒன்பதை நீக்கிவிட்டேன். யுபிளாக் ஆரிஜினும் கடவுச்சொல் மேலாளரும் மட்டும் எஞ்சின. நீக்கியவற்றுள் மனம் வராமல் நீக்கியது தமிழில் தட்டச்சு செய்ய உதவிய நீட்சியைத்தான். பல ஆண்டுப் பழக்கம். ஆனால் நான் அழுத்திய ஒவ்வொரு விசையும் அதன் வழியாகத்தான் போயிற்று. இப்போது இயங்குதளத்திலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவை முடிப்பதற்கு வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் ஆயிற்று.