ஐராவதிக்குப் பதிலாக கோராய்

மண்டலேயிலிருந்து பகான் வரை ஐராவதி ஆற்றில் சொகுசுக் கப்பல், வழியெல்லாம் புத்தர் கோயில்கள் என்ற பயண விளம்பரத்தைக் காட்டியதும் பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்தோம். இப்போது பணம் கட்டி அங்கே வேடிக்கை பார்க்கப் போக வேண்டுமா?" பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் கடைகளை அரசே எடுத்துக்கொண்ட பிறகு, 1964-இல் ரங்கூனை விட்டு வந்த குடும்பம். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் அங்கே நிலைமையும் சரியில்லை. பேச்சை விட்டுவிட்டேன்.

படகும் பகோடாவும்தான் வேண்டுமென்றால் மும்பையிலேயே வழி இருக்கிறது. செம்பூரிலிருந்து போரிவலி போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. கோராய் படகுத்துறையில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. கரையோரம் அலையாத்திக் காடு. காலடியில் யாரோ ஒரு கோளி மீனவ அம்மாளின் மீன்கூடை. நான் மூக்கைப் பொத்தினேன். "நாப்பி முகர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வாடையா?" என்றார் பெரியம்மா. நாப்பி பர்மாவின் மீன் விழுது.

விபாசனா என்னும் பௌத்தத் தியான முறைக்கான கோராய் பகோடா, ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவின் சாயலில் எழுப்பப்பட்டது. 2009 பிப்ரவரியில் திறந்தார்கள். ஏறத்தாழ 325 அடி உயரம். உள்ளே எண்ணாயிரம் பேர் உட்காரலாம், ஆனால் தூண் ஒன்றுகூட இல்லை. கல்லைக் கல் கவ்விக்கொள்ளும்படி செதுக்கி அடுக்கியே அவ்வளவு பெரிய குவிமாடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். பத்து நாள் பயிற்சி முடித்தவர்கள் உள்ளே தியானம் செய்யலாம். எங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணாடி வழியே தரிசனம்.

இதற்கு மூலகாரணமான விபாசனா ஆசிரியர் கோயங்கா மண்டலேயில் பிறந்த மார்வாடி. தீராத ஒற்றைத் தலைவலியோடு, பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின்னிடம் போய்த் தியானம் கற்றவர். அவருடைய தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டது. 1969-இல் இந்தியா வந்தார். இதைச் சொன்னதும், "அவரும் நம்மைப் போலத்தானா! பெட்டி மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும்" என்றார் பெரியம்மா.

பிறகு வெளிப்பிராகார நிழலில் உட்கார்ந்து ஷ்வேடகோன் கதையை ஆரம்பித்தார். அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு சந்நிதி, ஒரு விலங்கு. புதன்கிழமையை மட்டும் இரண்டாக வெட்டி, காலையில் பிறந்தவர்களுக்குக் கொம்பன் யானை, மாலையில் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை. அவரவர் கிழமைச் சந்நிதியில் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மாமா செவ்வாய்க்கிழமை பிறந்தவர், அவருக்குச் சிங்கம். பெரியம்மா வியாழன். "எனக்கு எலி! எலிப்பக்கம் போகமாட்டேன் என்று அழுவேன். சிங்கத்துப் பக்கம் ஒரு குவளையாவது ஊற்ற விடுவானா உன் மாமா? விடமாட்டான்." மாமா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன; வழக்கு இன்னும் நடக்கிறது.

அடுத்தது கன்ஹேரி குகைகள் என்று முடிவாகியிருக்கிறது. அதுவும் போரிவலிதான். மூன்றாம் குகை வாசலில் இரண்டு ஆள் உயரத்தையும் தாண்டிய புத்தர்கள் நிற்கிறார்கள் என்று சொல்லி ஆசை காட்டியிருக்கிறேன். படிகளைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.