கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் பொறியியல்: என் மகளின் இரண்டு ஆண்டுகள்

பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்துவிட்டு, 1995-ஆம் ஆண்டு திருச்சிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவன் நான். லேட்டரல் என்ட்ரி வழியாக வந்த எங்கள் ஏழு பேருக்கும் மூன்றாம் செமஸ்டர் கணிதத் தாள்தான் முதல் அடி. மோட்டாரைப் பிரித்து மாட்டுவதிலும் வயரிங்கிலும் எங்களை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் கிடையாது. ஆனால் மற்றவர்கள் முதல் ஆண்டிலேயே படித்து முடித்திருந்த நுண்கணிதம் எங்களிடம் இல்லாததால், ஃபூரியர் தொடரின் முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். அந்தத் தாளை எழுதித் தேற எனக்கு மூன்று முறை ஆயிற்று.

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில், கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு பொறியியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளப் போவதாக என் மகள் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கணிதத் தாள்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது இங்கே எல்லோரும் யூ.சி. என்று சொல்லும் அமைப்பின், வளாகங்களில் அவள் விரும்பிய மின்பொறியியலுக்கு இடம் கிடைக்கவில்லை. இடம் கொடுத்த வெளிமாநிலப் பல்கலைக்கழகம் கேட்ட தொகையோ எங்கள் வீட்டுக் கடனின் ஓராண்டுத் தவணையைவிட அதிகம். நாங்கள் வசிக்கும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்த முடிவை வெளியில் சொல்லவே தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி தயங்கவில்லை. நான்தான் தயங்கினேன், என் மகளும் என்னைப் போலப் பாதியில் நுழைந்து திணறுவாளோ என்ற அச்சத்தில்.

அந்த அச்சம் தவறான ஒப்பீட்டிலிருந்து பிறந்தது என்பதை நான் உணர ஓராண்டு ஆயிற்று. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சி தரும் குறுகிய காலப் படிப்புகள் நினைவுக்கு வருகின்றன. பாலிடெக்னிக் என்றால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய செய்முறைப் படிப்பு. இங்குள்ள கம்யூனிட்டி காலேஜிலும் தொழிற்பிரிவுகள் உண்டு என்றாலும், டிரான்ஸ்ஃபருக்கான, அதாவது பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான, பொறியியல் படிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தக் கணிதமும் இயற்பியலும் நடத்தப்படுகின்றனவோ அவையேதான் இங்கும் நடத்தப்படுகின்றன. இத்தகைய கல்லூரிகளின் தோற்றமே அதற்காகத்தான். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி, ஊர்ப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகாமலேயே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. கலிஃபோர்னியா 1960-இல், கிளார்க் கெர் யூ.சி.யின் தலைவராக இருந்த காலத்தில், வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் அந்த எண்ணத்தை மாநிலம் முழுமைக்குமான ஏற்பாடாக மாற்றியது: உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களில் மேல்தட்டிலுள்ள எட்டில் ஒரு பங்கினருக்கு யூ.சி., மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம் என்ற மற்றோர் அமைப்பு, மற்ற எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கிருந்து மேலே ஏறுவதற்கு ஒரு வழி. இன்று மாநிலத்தில் இத்தகைய 116 கல்லூரிகள் உள்ளன. புதிதாகச் சேரும் இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பது யூ.சி. தனக்கே வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடங்களின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுகிறார்கள்; மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுகளுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூ.சி.யில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல், தங்கும் செலவு தனி.

பாடங்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழியில் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் முடிவாகின்றன. கால்குலஸ் என்ற நுண்கணிதம் மூன்று செமஸ்டர், அதன் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், நுண்கணிதத்தின் துணையோடு நடத்தப்படும் இயற்பியல் மூன்று பகுதிகள், பொது வேதியியல், நிரலாக்கம், மின்பொறியியலுக்குச் சர்க்யூட்ஸ் என்ற மின்சுற்றுப் பாடம், இயந்திரவியலுக்கும் கட்டடவியலுக்கும் ஸ்டாடிக்ஸ் என்ற நிலையியல், பொருளறிவியல், வரைகலை. இவை ஒன்றன் மேல் ஒன்று நிற்கும் செங்கற்கள். விசையும் இயக்கமும் பற்றிய முதல் இயற்பியலுக்குக் கால்குலஸ் 1 முடிந்திருக்க வேண்டும். மின்சாரமும் காந்தமும் படிக்க அந்த முதல் இயற்பியலும் கால்குலஸ் 2-உம் வேண்டும். அது முடிந்தால்தான் சர்க்யூட்ஸ் வகுப்பில் உட்கார முடியும். சர்க்யூட்ஸ், ஸ்டாடிக்ஸ் போன்றவற்றைப் பல கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்துகின்றன. ஆகவே, கீழே ஒரு செங்கல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால், மேலே ஓராண்டு தள்ளிப்போகும். கால்குலஸுக்கு முந்தைய கணிதத்திலிருந்து தொடங்கும் மாணவருக்கு இந்த இரண்டாண்டுப் படிப்பு உண்மையில் மூன்றாண்டுப் படிப்பு. அதில் குறையொன்றும் இல்லை. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு அது முன்கூட்டித் தெரியவில்லை. முதல் செமஸ்டரில் கல்லூரியின் பாட ஆலோசகரான கவுன்சலர் ஒருவர், பொதுப்பாடங்களை முதலில் முடித்துவிடுவது நல்லது என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார். மற்ற படிப்புகளுக்கு அது சரியான அறிவுரை. வரலாறு, ஆங்கிலம், பேச்சுக்கலை ஆகியவற்றோடு கால்குலஸ் 1-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்த செமஸ்டருக்கும் இயற்பியலைப் பதிவு செய்யவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் ஒரு வெள்ளைத்தாளில் பாடங்களைக் கட்டம் போட்டுப் பார்த்தபோதுதான், இப்படியே போனால் சர்க்யூட்ஸ் மூன்றாம் ஆண்டில்தான் கிடைக்கும் என்பது தெரிந்தது. பொறியியலுக்கு மாறுகிறவர்களிடம் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது துறைக்கு முன்தேவையான பாடங்களை. பொதுப்பாடங்களில் எஞ்சியவற்றை மாறிய பின்னும் முடித்துக்கொள்ளலாம். இந்த ஒரு செய்தியை முதல் நாளே யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரியில் இயற்பியல் வகுப்பு நிரம்பிவிட்டிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் அவள் ஒன்பதாவது. முதல் நாள் வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து நின்றபடியே இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தாள்; இரண்டாம் வாரம் முடிவதற்குள் பத்துப் பேர் விலகினார்கள், ஆசிரியர் அவளுக்கு வகுப்பில் பதிவு செய்வதற்கான சேர்க்கை எண்ணைக் கொடுத்தார். அன்று மாலை அவள் எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் அந்த எண் மட்டும்தான் இருந்தது. கோடையில் நிரலாக்கத்தைப் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் முடித்தாள். இரண்டு மூன்று கல்லூரிகளில் ஒரே நேரத்தில் படிப்பது இங்கே வழக்கமானது. எங்கெங்கே படித்தாலும் எல்லாவற்றின் மதிப்பெண் பட்டியலையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அசிஸ்ட் என்ற இணையதளத்தைப் பார்க்காத வாரம் இல்லை. மாநிலத்தின் பொதுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும் என்ற ஒப்பந்தங்களை ஆண்டுவாரியாக வைத்திருக்கும் தளம் அது. எந்தக் கல்லூரியிலிருந்து, எந்த வளாகத்தின் எந்தத் துறைக்கு என்று தேர்ந்தெடுத்தால் இருபக்கமும் பாடங்கள் வரிசையாக நிற்கும். ஒரு வளாகம் சி++ என்ற நிரல்மொழியைக் கேட்கும், இன்னொன்று வேறு மொழியையும் ஏற்கும். ஒன்று வேதியியலில் ஒரு செமஸ்டரோடு நிறுத்திக்கொள்ளும், மற்றொன்று அதற்கு மேலும் கேட்கும். சில வரிகளில் ஈடான பாடம் இல்லை என்றே எழுதியிருக்கும். ஐந்து வளாகங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் ஐந்து பக்கங்களையும் அருகருகே வைத்து, எல்லாவற்றையும் நிறைவு செய்யும் ஒரே பட்டியலைத் தானே செய்துகொள்ள வேண்டும். கவுன்சலரிடம் அந்தப் பட்டியலோடு போனால் அவர்கள் பெரிதும் உதவுகிறார்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான அறிவுரையே கிடைக்கும். நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்கும் ஒருவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

பட்டத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் எங்களுக்கு இருந்தது. யூ.சி.க்கு மாற இரண்டாண்டுப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 60 செமஸ்டர் யூனிட்டுகளும் குறிப்பிட்ட பாடங்களும் அவற்றில் தகுந்த மதிப்பெண்ணும்தான் கணக்கு. 2010-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதி செய்யும் 60 யூனிட் டிரான்ஸ்ஃபர் பட்டங்கள் பல துறைகளில் உருவாயின. பொறியியலின் கணிதத்தையும் இயற்பியலையும் பொதுப்பாடங்களோடு சேர்த்து அந்த 60-க்குள் அடக்குவது மிகவும் கடினம். பட்டத்தாளுக்காக ஒரு செமஸ்டர் கூடுதலாக இருந்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். தாள் கையில் இருப்பது நல்லதுதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

விண்ணப்பக் காலம் மனத்தை மிகவும் அழுத்தும் காலம். அடுத்த இலையுதிர் பருவத்தில் சேர்வதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், அப்போது மாணவரின் கையில் ஓராண்டு மதிப்பெண்கள் மட்டுமே இருக்கும். மீதிப் பாதியை வாக்குறுதியாகத்தான் எழுத வேண்டும். எழுதியதை வசந்தப் பருவம் முடிவதற்குள் நிறைவேற்றியும் காட்ட வேண்டும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் உறுதி இட ஒப்பந்தம் ஒன்றைத் தருகின்றன. செப்டம்பரில் அவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்து பதிவு செய்யலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் சான் டியாகோவும் அதில் இல்லை. ஆறிலும்கூடப் பொறியியலுக்குத் தனியான, கடுமையான நிபந்தனைகள் உண்டு, எல்லா இடத்திலும் எல்லாப் பொறியியல் துறையும் அந்த உறுதிக்குள் வராது. என் மகள் டேவிஸைத் தேர்ந்தாள். அந்தக் கடைசி வசந்தப் பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், மூன்றாம் இயற்பியல், சர்க்யூட்ஸ் என நான்கையும் ஒன்றாக எடுத்தாள். முதல் ஆண்டில் இழந்ததை அந்த நான்கு மாதங்கள்தான் ஈடு செய்தன. இரவு ஒரு மணிக்கு அவள் அறையில் எரியும் விளக்கைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போவது எனக்கு எளிதாக இல்லை.

ஆசிரியர்களைப் பற்றி நன்றியோடு எழுத விரும்புகிறேன். அவர்களுக்கு வேலை கற்பித்தல் மட்டுமே. முப்பது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், பெயர் சொல்லி அழைத்து, வீட்டுப்பாடத்தில் எந்த வரியில் குறி மாறியது என்று காட்டிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகங்களில் இதே முதல் ஆண்டுப் பாடங்கள் சில நூறு பேர் அமரும் அரங்குகளில் நடப்பதை அவளுடைய பள்ளித் தோழிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அருகில் அமர்ந்தவர்களும் அவளுக்கு ஆசிரியர்களாகவே இருந்தார்கள்: இராணுவத்திலிருந்து திரும்பிய ஒருவர், இரவில் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு எட்டு மணி வகுப்புக்கு வரும் ஒருவர், இரண்டு குழந்தைகளின் தாய். 1970-இல் ஓக்லாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய மெசா என்ற திட்டம் இப்போது பல கம்யூனிட்டி காலேஜ்களில் கணித, பொறியியல் மாணவர்களுக்குப் படிப்பறையும் துணைவகுப்பும் தருகிறது. அத்தகைய ஓர் அறையின் வெள்ளைப்பலகை முன்னால்தான் இவர்கள் எல்லோரும் மாலை நேரங்களில் சேர்ந்து கணக்குப் போட்டார்கள்.

இழப்பும் உண்டு, அதை மறைப்பது சரியல்ல. ஆய்வுக்கூடக் கருவிகள் பழையவை. பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டிலிருந்தே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு வாய்ப்பும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும் இவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. மாறிய சில வாரங்களிலேயே, இன்னும் ஒரு துறைப்பாடமும் முடிக்காத நிலையில், வேலைச் சந்தையில் நிற்க வேண்டியிருக்கிறது. நான்காண்டு விடுதி நட்பு இவர்களுக்கு இல்லை. டேவிஸில் செமஸ்டர் முறை கிடையாது, பத்து வாரக் குவார்ட்டர். நான்காம் வாரத்தில் இடைத்தேர்வு வந்து நிற்க, முதல் குவார்ட்டரில் அவளுடைய மதிப்பெண் நன்றாகவே சரிந்தது. அன்று தொலைபேசியில் அவள், ‘அப்பா, கணக்கு தெரியாமல் இல்லை, நேரம்தான் போதவில்லை’ என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஃபூரியர் தொடரின் முன் நின்ற என்னால் சொல்ல முடியாத வாக்கியம் அது. இரண்டாம் குவார்ட்டரில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டாள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் மதுரைக்காரத் தம்பதியர் தங்கள் மகனோடு வந்திருந்தார்கள். அந்த அம்மா என் மனைவியிடம் சமையலறையில் குரலைத் தாழ்த்தி, ‘அக்கா, நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?’ என்று கேட்டது எனக்கும் கேட்டது. விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் அந்தப் பையனை உணவு மேசையில் உட்கார வைத்து, அசிஸ்ட் பக்கத்தைத் திறந்து, ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டங்கள் வரைந்தாள். முதல் கட்டத்தில் கால்குலஸ் 1, வேதியியல், ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, இரண்டாவது கட்டத்தில் இயற்பியல் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டாள்.